கோழிக்குக் கல் நாட்டிய ஊர்

(பண்ணை ஒலிபரப்பில் இடம்பெற்ற உரை)



போரில் மாண்ட வீரனுக்குக் கல் நடுவது நம் முன்னோர் வழக்கம். கோழிக்குக் கல் நட்டதுண்டா? உண்டு. விழுப்புரம் பக்கத்தில் அரசலாபுரம் என்று ஒரு ஊர். அங்கே ஏறக்குறைய 1500 ஆண்டுகளுக்கு முன் நட்ட ஒரு நடுகல் இருக்கிறது. மேற்சேரிக்காகச் சண்டையிட்ட ஒரு சேவலுக்கு எடுத்த கல் அது. சேவலின் உருவமும், அது எந்த ஊர்ச் சேவல் என்று சொல்லும் எழுத்தும் அதில் இருக்கின்றன. இந்தளூரிலும் இதே போல ஒரு கோழிக் கல் உண்டு.

கடல் கடந்து இன்னொரு கோழிக் கல் இருக்கிறது. அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்டு. அட்லாண்டிக் கடலோரத்தில், நம் மாவட்டம் ஒன்றின் அளவுதான் இருக்கும். அதன் கிழக்கு ஓரத்தில் லிட்டில் காம்ப்டன் என்ற பகுதி. அங்கே ஆடம்ஸ்வில் என்ற சிற்றூரில், வெண்கலப் பலகை பதித்த ஒரு கல்லை 1925-ல் நட்டார்கள். அது சண்டைச் சேவலுக்கு எடுத்த கல் அல்ல. முட்டையும் போட்டு, கறிக்கும் ஆகி, சம்சாரி வீட்டுக் கொல்லையில் மேய்ந்து குடும்பத்தைத் தாங்கிய ஒரு கோழி இனத்துக்கு எடுத்த கல். அந்த இனத்தின் பெயர் ரோட் ஐலண்டு ரெட். நம்மூரில் பலர் சுருக்கமாக 'ரோட் ஐலண்டு' என்றும், 'சிவப்புக் கோழி' என்றும் சொல்வார்கள்.

இன்று அந்தக் கோழியின் கதையைத்தான் பேசப் போகிறோம். வேற்று நாட்டுக் கோழியின் கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். அந்தக் கதையில் நம் கொல்லைக் கோழிக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கப்பலில் வந்த சேவல்

நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்தைய காலத்துக்குப் போவோம். 1840-களில் சீனாவிலிருந்தும் கிழக்காசியத் துறைமுகங்களிலிருந்தும் பெரிய உடம்புக் கோழிகள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலில் போய்ச் சேர்ந்தன. அதுவரை அந்த நாட்டார் பார்த்ததெல்லாம் சின்னக் கோழிகள்தாம். ஆளுயர வேலிக்கு மேல் தலை நீட்டுமோ என்று தோன்றும் இந்தக் கோழிகளைக் கண்டதும் ஜனங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. 1849-ல் பாஸ்டன் நகரத்தில் கோழிக் கண்காட்சி ஒன்று நடந்தது. கூட்டம் அலைமோதியது. ஜோடிக் கோழிக்கு என்ன விலை சொன்னாலும் கொடுத்து வாங்கினார்கள். பிரம்மபுத்திரா நதியின் பெயரை ஒட்டி 'பிரம்மா' என்று ஒரு இனத்துக்குப் பெயரும் வைத்தார்கள். இந்தக் கூத்தை அமெரிக்கர்களே 'கோழிக் காய்ச்சல்' என்று கேலி செய்தார்கள். சில ஆண்டுகளில் காய்ச்சல் இறங்கியது. விலையும் இறங்கியது. கடைசியில் வாங்கியவர் கையைச் சுட்டுக்கொண்டார்.

கொங்குச் சீமையில் ஈமு வளர்ப்பு 2012-ல் எப்படி முடிந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மோகம் எந்த நாட்டில் வந்தாலும் அது முடிகிற விதம் ஒன்றுதான்.

ஆனால் அந்தக் காய்ச்சல் போன பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. மோகத்தில் வந்த கோழிகளில் சில, சத்தமில்லாமல் சம்சாரிகளின் கொல்லைக்குள் போய்ச் சேர்ந்தன. லிட்டில் காம்ப்டனுக்குப் பக்கத்தில் நியூ பெட்ஃபோர்டு என்ற துறைமுகம். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் உலகத்தைச் சுற்றிவிட்டு வந்து நிற்கும் இடம் அது. மாலுமிகள் ஊர் திரும்பும்போது கையில் சேவலோடு இறங்குவதும் உண்டு. 1854-ல் வில்லியம் டிரிப் என்பவர் அப்படி ஒரு மாலுமியிடமிருந்து சிவப்புச் சேவல் ஒன்றை வாங்கினார் என்பது அந்த ஊர் வரலாறு. அது மலாய் வகை என்பார்கள், கொச்சின் சைனா வகை என்றும் சொல்வார்கள். கொச்சின் சைனா என்றால் நம் பக்கத்துக் கொச்சி அல்ல, இன்றைய வியட்நாமின் தென்பகுதி.

டிரிப் அந்தச் சேவலைத் தம் வீட்டுப் பெட்டைகளோடு விட்டார். பிறந்த விடைக்கோழிகள் தாயைவிட நன்றாக முட்டையிட்டன, உடம்பும் பெருத்தது. அவருக்கு ஆசை வந்தது. பக்கத்து ஊர் ஜான் மக்கோம்பர் என்பவரோடு சேர்ந்து மேலும் கலந்து பார்த்தார். அந்த வட்டாரத்தில் இவற்றை 'டிரிப் கோழி' என்றும் 'மக்கோம்பர் கோழி' என்றும் சொன்னார்கள். நம்மூரில் நல்ல விதைநெல் வைத்திருப்பவர் பெயராலேயே அந்த நெல்லைச் சொல்வதில்லையா, அது மாதிரி.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மஞ்சள்

இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். உலகத்தில் உள்ள வீட்டுக்கோழிக்கெல்லாம் மூதாய், தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. இதில் விஞ்ஞானிகளுக்குள் தகராறு இல்லை. ஆனால் ஒரு சந்தேகம் இருந்தது. பல வீட்டுக்கோழிகளுக்குத் தோலும் காலும் மஞ்சளாக இருக்கின்றன. சிவப்புக் காட்டுக்கோழிக்கு அந்த மஞ்சள் கிடையாது. அப்படியானால் மஞ்சள் எங்கிருந்து வந்தது?

2008-ல் சுவீடன் நாட்டு உப்சாலா விஞ்ஞானிகள் மரபணுவைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். அந்த மஞ்சள், சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்றார்கள். சாம்பல் காட்டுக்கோழி எங்கே இருக்கிறது? நம் நீலகிரியிலும் ஆனைமலையிலும் விடியற்காலையில் கூவுகிறதே, அதுதான். தென்னிந்தியாவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் மட்டுமே வாழ்கிற பறவை. ரோட் ஐலண்டு ரெட் கோழியின் கால் மஞ்சள். ஆக, அமெரிக்கக் கோழி என்று நாம் சொல்லும் அந்தச் சிவப்புக் கோழியின் காலில் நம் மலையின் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பு ஆசியாவிலிருந்து போனது, கால் நிறமும் ஆசியாவிலிருந்து போனது. அப்படியானால் அமெரிக்கச் சம்சாரி செய்தது என்ன? தேர்வு. அதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

சம்சாரிகள் செய்த தேர்வு

ஐசக் வில்பர் என்று ஒரு பெரிய சம்சாரி லிட்டில் காம்ப்டனில் இருந்தார். டிரிப் கோழிகளை வாங்கித் தம் பண்ணையில் பெருக்கினார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பேர் சொன்ன கோழிப்பண்ணைகளில் அவருடையதும் ஒன்று. 'ரோட் ஐலண்டு ரெட்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான் என்று சொல்கிறார்கள்.

பெரிய பண்ணை என்றதும் நாமக்கல் கூண்டுக் கொட்டகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஊரில் வயலெங்கும் சின்னச் சின்ன மரக்கூடுகளைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். ஒரு கூட்டுக்கு முப்பது நாற்பது கோழி. பகலெல்லாம் கோழிகள் புல்லிலும் அறுத்த வயலிலும் மேயும். தினமும் ஒரு குதிரை வண்டி எல்லாக் கூடுகளையும் சுற்றி வரும். போகும்போது தீனி, வரும்போது முட்டை. அவ்வளவுதான் ஏற்பாடு. குளிர் காலத்தில் பனி கொட்டும், கடல் காற்று அடிக்கும். அந்த நிலத்தில் மேய்ந்து, அந்தக் குளிரைத் தாங்கி, அதற்கு மேலும் முட்டை போடுகிற கோழிதான் பிழைத்தது.

அந்தச் சம்சாரிகளிடம் வம்சாவளிப் புத்தகம் கிடையாது. சிவந்த சேவல் திடமானது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆண்டுதோறும் சிவந்த சேவலையே பார்த்து வாங்கிப் பெட்டைகளோடு விட்டார்கள். இடையிடையே லெக்ஹார்ன் இரத்தமும், பிரம்மா, கொச்சின், பிளைமவுத் ராக் முதலிய இனங்களின் இரத்தமும் கலந்தன. முட்டை குறைந்த பெட்டை அடுப்புக்குப் போனது, முட்டை மிகுந்த பெட்டை வீட்டில் தங்கியது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் இதைச் செய்தார்கள்.

இப்படி உருவானதுதான் இந்த இனம். சேவல் நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டை மூன்று கிலோவுக்குச் சற்றே குறைவு. செங்கல்லைப் படுக்க வைத்தாற்போல நீண்ட, சமமான உடம்பு. கருஞ்சிவப்பு இறகு, வாலில் பச்சை மினுக்கும் கறுப்பு. ஐந்தரை, ஆறு மாதத்தில் முட்டைக்கு வரும். பழுப்பு நிற முட்டை. பழைய வம்சத்துப் பெட்டை நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 150 முதல் 250 வரை போடும். முட்டைக்கும் ஆகும், கறிக்கும் ஆகும். பத்துப் பதினைந்து கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டு கற்கள்

கோழி நல்ல பெயர் எடுத்ததும், கண்காட்சிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். 1898-ல் இந்த இனத்துக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் தன் இலக்கணப் புத்தகத்தில் ஒற்றைக் கொண்டை வகையை 1904-லும், ரோஜாக் கொண்டை வகையை 1906-லும் சேர்த்தது. கண்காட்சியில் நீதிபதி பார்ப்பது எதை? இறகின் நிறத்தை, கொண்டையின் பல்லை, நிற்கும் தோரணையை. முட்டைக் கூடையை அங்கே யாரும் எண்ணுவதில்லை.

நான் முதலில் சொன்ன 1925-ஆம் ஆண்டுக் கல், இந்தக் கோழிக்கான சங்கம் பணம் போட்டு நட்ட கல். அடுத்த ஆண்டே, 1926-ல், மாநில அரசு சில மைல் தள்சி இன்னொரு கல்லை நட்டது. ஒரு கோழிக்கு இரண்டு கல் எதற்கு? இந்த இனத்தை உண்டாக்கிய பெருமை, கண்காட்சிக்கு அழகு பார்த்தவர்களுக்கு அல்ல, வயலில் வளர்த்து வயிறு வளர்த்த சம்சாரிகளுக்கே உரியது என்று சொல்வதற்காக வைத்தது இரண்டாவது கல். பிறகு 1954-ல் அந்த மாநிலம் இந்தக் கோழியைத் தன் மாநிலப் பறவையாகவே அறிவித்தது.

இந்த இரண்டு கற்களின் கதையைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கோழியை யார் தேர்வு செய்கிறார், எதைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்? அதைப் பொறுத்துத்தான் கோழி அமையும். அடுத்து நடந்ததைப் பாருங்கள்.

ஒரு பெயர், இரண்டு கோழி

கண்காட்சிக்காரர் ஒரு பக்கம் இழுத்தார், வியாபாரப் பண்ணைக்காரர் இன்னொரு பக்கம் இழுத்தார். 1915 வாக்கில் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில், இதே சிவப்புக் கோழியிலிருந்து சீக்கிரம் வளர்வதையும் சீக்கிரம் இறகு முளைப்பதையும் மட்டுமே பொறுக்கி எடுக்க ஆரம்பித்தார்கள். அது 1935-ல் நியூ ஹாம்ப்ஷையர் என்று தனி இனமாகவே ஒப்புக்கொள்ளப்பட்டது.

பொரிப்பகக்காரருக்கு இந்தக் கோழியிடம் வேறொரு லாபமும் தெரிந்தது. சிவப்புச் சேவலை, வெள்ளி நிறக் குணம் உள்ள வெள்ளைப் பெட்டையோடு சேர்த்தால், முட்டையிலிருந்து வெளிவந்த அன்றைக்கே ஆண் எது, பெண் எது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பெட்டையின் அந்தக் குணம் மகனுக்கு மட்டுமே போகும், மகளுக்குப் போகாது. ஆகையால் ஆண் குஞ்சு வெளுத்திருக்கும், பெண் குஞ்சு தகப்பனைப் போலச் சிவந்திருக்கும். முட்டைப் பண்ணைக்கு ஆண் குஞ்சு வேண்டாமே! இன்று உலகத்தில் பழுப்பு முட்டை போடும் வியாபாரக் கலப்பினங்கள் பெரும்பாலானவற்றில் தகப்பன் வழி ரோட் ஐலண்டு ரெட் இரத்தம்தான்.

இதனால் என்ன ஆயிற்று? ரோட் ஐலண்டு ரெட் என்ற ஒரே பெயரில் இரண்டு கோழிகள் உண்டாகிவிட்டன. ஒன்று, பழைய கருஞ்சிவப்பு, கனத்த உடம்பு, மெதுவான வளர்ச்சி. இன்னொன்று வெளிர்சிவப்பு, இலேசான உடம்பு, முட்டை 250-க்கும் மேல். இரண்டாவது கோழிக்கு அடை உட்காரும் புத்தியே ஏறக்குறைய மறந்துவிட்டது. அடை உட்கார்ந்தால் அத்தனை நாள் முட்டை நிற்கும், பண்ணைக்கு நஷ்டம். ஆகவே அடைக்கு உட்காரும் பெட்டையைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டிவிட்டார்கள். பொரிப்பான் இருக்கிற இடத்தில் அது குற்றமில்லை.

பழைய கோழி அருகிப் போவதைக் கண்டு அமெரிக்காவிலேயே சிலர் விழித்துக்கொண்டார்கள். 1977-ல் அருகிவரும் கால்நடை, கோழி இனங்களைக் காப்பதற்கென்று ஒரு அமைப்பு தொடங்கியது. அந்த அமைப்பு 2009-ல் 'பாரம்பரியக் கோழி' எது என்று இலக்கணம் வகுத்தது. இயற்கையாக இணை சேர வேண்டும். வெளியில் மேய்ந்து நெடுநாள் வாழ வேண்டும், அதாவது பெட்டை ஐந்து முதல் ஏழு ஆண்டு பலன் தர வேண்டும். பதினாறு வாரத்துக்கு முன் விற்பனை எடைக்கு வரக்கூடாது. இதைப் படித்தபோது, இது நம்மூர்க் கொல்லைக் கோழியின் ஜாதகம் அல்லவா என்று தோன்றியது.

நம் நாட்டுக்கு வந்த வழி

நம் பக்கத்தில் கிராமத்துக் கோழியை முன்னேற்ற வேண்டும் என்ற முயற்சி பழையது. 1920-களிலேயே, அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் தலைமையில் தேனீ வளர்ப்போடு கோழி வளர்ப்பையும் கற்றுக்கொடுத்தது. முட்டைகளைச் சேர்த்துக் கூட்டாக விற்கவும் வழி செய்தது. 1939-ல் இசத்நகரில் கோழி ஆராய்ச்சிக்குத் தனிப் பிரிவு வந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1956-ல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் கோழி வளர்ச்சிக்கு அகில இந்தியத் திட்டம் போட்டார்கள். 1960-களில் யுனிசெஃப் உதவியோடு கிராமங்களில் ஊட்டச்சத்துத் திட்டம் நடந்தது. வெள்ளை லெக்ஹார்னும் ரோட் ஐலண்டு ரெட்டும் பட்டிதொட்டிக்கெல்லாம் போனது அந்தக் காலத்தில்தான்.

ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளில் இன்னொரு திட்டமும் நடந்தது. அதற்குச் 'சேவல் மாற்றுத் திட்டம்' என்று பெயர். கிராமத்துச் சேவலை வாங்கிக்கொண்டு, அதற்குப் பதில் ரோட் ஐலண்டு போன்ற உயர்ந்த இனச் சேவலைக் கொடுப்பார்கள். ஊர்ப் பெட்டைகளுக்கெல்லாம் கலப்புக் குஞ்சு பிறக்கும், முட்டை பெருகும் என்பது கணக்கு.

கணக்கு காகிதத்தில் சரி. நடந்தது வேறு. பண்ணைத் தீனி தின்று வளர்ந்த சேவல், குப்பைமேட்டைக் கிளறத் தெரியாமல் இளைத்தது. கனத்த உடம்பு, பருந்தையும் கீரியையும் கண்டால் ஓட முடியவில்லை. பல சேவல்கள் நோயில் விழுந்தன. பிழைத்த இடத்திலோ, கலப்புப் பெட்டை தாயைவிடக் கூடுதலாக முட்டை போட்டது உண்மை, ஆனால் அடைக்கு உட்காரவில்லை. பக்கத்தில் பொரிப்பகம் இல்லாத ஊரில் அடைக்கோழியும் இல்லை என்றால், அடுத்த தலைமுறைக் குஞ்சு எங்கிருந்து வரும்? கூடை நிறைய முட்டை இருந்து பஞ்சாரம் காலியாகிவிட்டால், அந்த வீட்டுக் கோழிச் செல்வம் ஒரு தலைமுறையோடு முடிந்து போகும்.

வங்காளதேசத்திலும் சேவல் மாற்றுத் திட்டம் நடந்தது, எதிர்பார்த்த பலன் வரவில்லை. பிறகு அவர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். 1980-களில் கிராமத்துப் பெண்களுக்கே தடுப்பூசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். முதலில் சாவைத் தடுத்தார்கள், இனத்தை அதற்குப் பிறகு பார்த்தார்கள். ரோட் ஐலண்டு ரெட் சேவலையும் எகிப்து நாட்டு ஃபயூமி பெட்டையையும் சேர்த்து 'சோனாலி' என்ற கோழியை உண்டாக்கினார்கள். அது அந்த நாட்டுக் கிராமங்களில் நன்றாக வேரூன்றிவிட்டது.

நம் இசத்நகரிலும் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார்கள். ரோட் ஐலண்டு வழி வந்த சிவப்புக் கோழியை அசீல், கடக்நாத், கழுத்து மொட்டைக்கோழி ஆகிய நம் கோழிகளோடு சேர்த்து, கொல்லைக்கு ஏற்ற கோழிகளை எடுத்தார்கள். அசீல் சேர்ந்தது நிர்பீக், கடக்நாத் சேர்ந்தது ஷியாமா, கழுத்து மொட்டை சேர்ந்தது ஹிட்காரி. வெளிநாட்டுக் கோழி நம் கோழியைத் துரத்தாமல், நம் கோழியோடு கை கோத்த வழி இது.

இனத்துக்கு முன் நோய்

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் நோய்க்கு இராணிக்கெட் என்று பெயர். அது இமயமலையில் குமாவுன் பக்கத்தில் உள்ள ஒரு மலையூரின் பெயர். 1920-களின் கடைசியில் அங்கே இந்த நோயைக் கண்டு அடையாளம் சொன்னார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஜாவாவிலும் இங்கிலாந்திலும் கண்டார்கள். வெளிநாட்டார் இதை நியூகாசில் நோய் என்பார்கள். அதே குமாவுன் மலையில் முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 1940-களில் வந்த தடுப்பூசி வித்துதான் இன்றைக்கும் நம் கோழிகளைக் காக்கிறது.

கிராமங்களுக்குப் போனால் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, 'சார், எந்த ஜாதிக் கோழி வாங்கலாம்?' என்பதுதான். 'தடுப்பு மருந்து போட்டாச்சா?' என்று திருப்பிக் கேட்பேன். பத்தில் எட்டுப் பேர் சிரித்து மழுப்பிவிடுவார்கள். தடுப்பூசி போடாத கொல்லையில் நாட்டுக்கோழியும் ஒன்றுதான், சீமைக்கோழியும் ஒன்றுதான். ஒரு கோடைக் காற்றில் பஞ்சாரம் முழுவதும் துடைத்துக்கொண்டு போய்விடும்.

ஒரு வாரக் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. எட்டாவது வாரத்தில் இறக்கையின் கீழ்த் தோலுக்கடியில் ஊசி. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஒரு தெருவில் உள்ள தாய்மார்கள் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொண்டால் மருந்தும் வீணாகாது. விடியற்காலையில், கோழியைத் திறந்து விடுவதற்கு முன் செய்வது நல்லது.

நம் கொல்லைக்கு எது?

சரி, இவ்வளவு கதையும் கேட்டாயிற்று. ரோட் ஐலண்டு ரெட் வாங்கலாமா, வேண்டாமா?

வாங்கலாம். ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். தெருவில் கூடையில் வைத்து விற்கும் சிவப்புக் குஞ்செல்லாம் ரோட் ஐலண்டு ஆகிவிடாது. பல நேரம் அது வியாபாரக் கலப்பினமாக இருக்கும். முதல் தலைமுறையில் முட்டை நன்றாகப் போடும். அதன் குஞ்சுகளை வைத்து மறுபடி வம்சம் பெருக்கினால், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு, ஒன்று நிறைய முட்டை, ஒன்று முட்டையே இல்லை என்று சிதறிப்போகும். வளர்ந்த கோழியில் வாலிலும் இறக்கையிலும் வெள்ளை இறகு கலந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அரசுப் பண்ணையிலோ பல்கலைக்கழகப் பண்ணையிலோ கேட்டு, சுத்த இனம் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

இரண்டாவது, தீனிக் கணக்கு. நம் சிறுவிடைப் பெட்டை ஒன்று, ஒன்றரைக் கிலோ. அது குப்பையைக் கிளறியே பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். சிவப்புக் கோழி இரண்டு மடங்கு உடம்பு. மேய்ச்சலோடு கம்பு, குருணை, தவிடு, கொஞ்சம் பிண்ணாக்கு என்று கையால் போட்டால்தான் முட்டை வரும். சித்திரை வெயிலில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கட்டாயம். பனிக்காக உருவான கோழி அல்லவா?

மூன்றாவது, மிக முக்கியமானது. சிவப்புக் கோழி வந்ததும் வீட்டு அடைக்கோழியைச் சந்தைக்கு அனுப்பிவிடாதீர்கள். நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது எண்பது முட்டைதான் போடும். ஆனால் பத்துப் பன்னிரண்டு முட்டையை இருபத்தொரு நாள் சூடு குறையாமல் காத்து, பொரித்து, பருந்து வந்தால் இறக்கைக்குள் ஒளித்து, கரையானைக் கிளறிக் காட்டி வளர்க்கும். மின்சாரம் போனால் பொரிப்பான் நின்றுவிடும், அடைக்கோழிக்கு மின்வெட்டு கிடையாது. சிவப்புக் கோழியின் முட்டைகளைச் சிறுவிடைப் பெட்டைக்கு அடை வையுங்கள். முட்டை பெரிதாக இருப்பதால் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். முட்டை அவளுடையது, தாய்மை இவளுடையது. இரண்டும் ஒரே கொல்லையில் இருக்கலாம்.

நான்காவது, கலப்பு வேண்டுமென்றால் கணக்கோடு செய்யுங்கள். ஊர் முழுவதும் கலந்துவிட்டால் பிறகு சிறுவிடையும் இருக்காது, பெருவிடையும் இருக்காது. சுத்த நாட்டுப் பெட்டைகள் நான்கைந்தையும் அவற்றுக்கு ஏற்ற நாட்டுச் சேவல் ஒன்றையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஒரே சேவலை நெடுநாள் வைத்துக்கொண்டால் அது தன் மகளோடும் பேத்தியோடும் சேர்ந்து வம்சம் நலிந்துவிடும். ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வேறு ஊர்ச் சேவலை மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. டிரிப்பும் மக்கோம்பரும் வில்பரும் செய்தது எதுவும் நமக்கு முடியாத காரியம் அல்ல. அவர்கள் கவனித்தார்கள், நல்லதை நிறுத்திக்கொண்டார்கள், மோசமானதைக் கழித்தார்கள், பல ஆண்டு விடாமல் செய்தார்கள். நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். விருந்தாளி வந்தால் கொழுத்த சேவலைப் பிடித்து அறுக்கிறோம், நோஞ்சான் சேவல் வம்சம் பெருக்க மிஞ்சி நிற்கிறது. காசு அவசரத்துக்கு நன்றாக முட்டையிடும் விடைக்கோழியை விற்கிறோம், விலை போகாதது வீட்டில் தங்குகிறது. இப்படிப் பத்தாண்டு செய்தால் எந்த இனமும் தேய்ந்துதான் போகும். பிறகு நாட்டுக்கோழி முட்டையே போடாது என்று கோழியைக் குறை சொல்கிறோம்!

இதை இந்த வாரமே மாற்றலாம். வீட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டு எந்தப் பெட்டை எத்தனை முட்டை போட்டது, எத்தனை பொரித்தது, எத்தனைக் குஞ்சை வளர்த்து ஆளாக்கியது என்று தாய்மார்கள் குறித்து வையுங்கள். மூன்று கணக்கிலும் முந்தி நிற்கும் பெட்டையின் முட்டையை மட்டும் அடை வையுங்கள். அவளுடைய சேவல் குஞ்சுகளில் திடமானதை வம்சத்துக்கு நிறுத்துங்கள். அதற்குக் காலில் ஒரு நூல் கட்டிவிடுங்கள், விருந்தாளி வந்தாலும் கை வைக்காதபடி.

நம் முன்னோர் சண்டை போட்ட சேவலுக்குக் கல் நட்டார்கள். லிட்டில் காம்ப்டன்காரர்கள் முட்டை போட்ட கோழிக்குக் கல் நட்டார்கள். நாம் கல் நட வேண்டாம். நம் சிறுவிடையும் பெருவிடையும் நம் பேரப்பிள்ளைகள் கொல்லையிலும் மேயும்படி வைத்துவிட்டுப் போனால் போதும்.